பனிமூட்டத்தில் டெல்லி, நடுவில் வண்டி மாறி ஜனக்பூர்

ஜனவரி 6, செவ்வாய். ஆக்ராவுக்கு வடக்கே

சென்னையிலிருந்து டெல்லி, அங்கே ஆனந்த் விஹார் ஸ்டேஷனில் வண்டி மாறிப் பீகார் எல்லை ஊரான ரக்சௌல், அதன் வழியாக நேபாளத்தின் ஜனக்பூர் என்பது திட்டம். நாக்பூர் வரை நேரத்துக்கு ஓடிய சென்னை வண்டி, குவாலியர் தாண்டியதும் ஊர ஆரம்பித்தது. எட்டு மணியாகியும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்துத் தண்டவாளம்கூடக் கண்ணில் படவில்லை. காலையில் டெல்லியில் இறக்கிவிட வேண்டிய வண்டி ஒன்பது மணிக்கு மதுரா பக்கம் வயல் நடுவே நின்றுகொண்டிருந்தது.

எஞ்சினில் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு ஜி.பி.எஸ். கருவி உண்டு. அடுத்த சிக்னல் எத்தனை மீட்டர் தூரத்தில் என்று திரையில் காட்டும், குரலிலும் சொல்லும். அது இருந்தாலும் பனிமூட்டத்தில் 75 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. ஆனால் நேரத்தைத் தின்பது அந்த வேகக் கட்டுப்பாடு மட்டுமில்லை. டெல்லியை நோக்கி வரிசையாக வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். முன்னால் போகிற வண்டி அடுத்த பகுதியைக் காலி செய்தால்தான் பின்னால் இருப்பதற்குப் பச்சை விழும். ஒன்று பத்து நிமிடம் தாமதித்தால் அத்தனையும் தாமதம். அதனால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க டெல்லியில் வண்டி மாறுகிறவர்கள் கால அட்டவணையில் இருக்கும் இடைவெளியை நம்பக் கூடாது. பத்து மணி நேரம் இருக்கிறதே என்பதெல்லாம் காகிதத்தில்தான்.

தண்ணீர் பாட்டில் 14 ரூபாய் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. விற்கிற பையன் 20 கேட்டான். எதிர் சீட் மாமி அச்சிட்ட விலையை விரலால் தொட்டுக் காட்ட, பேசாமல் 6 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். மாமி டெல்லி மயூர் விஹாரில் முப்பது வருஷமாக இருக்கிறவர்.

"ஆனந்த் விஹார்தானே போகணும்? நிஜாமுதீன்லயே எறங்கிடுங்கோ. புது டில்லி வரைக்கும் போய், அந்தப் பாலத்துல ஏறி எறங்கி, ராஜீவ் சௌக்ல மெட்ரோ மாறி நசுங்கி... எதுக்கு?"

மாமி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தெற்கிலிருந்து வரும் வண்டிகளில் திருக்குறள் எக்ஸ்பிரஸ், சென்னை ராஜதானி, துரந்தோ மாதிரிப் பலவற்றுக்கு ஹஸ்ரத் நிஜாமுதீன்தான் கடைசி நிறுத்தம். புது டெல்லி வரை போகிற சிலவும் அங்கே நின்றுதான் போகும். நேபாள எல்லைக்குப் போகும் பீகார் வண்டிகளோ ஆனந்த் விஹார், புது டெல்லி, பழைய டெல்லி என்று மூன்று இடங்களிலிருந்து கிளம்புகின்றன. ரக்சௌல் போகும் சத்தியாகிரக எக்ஸ்பிரஸ் ஆனந்த் விஹாரிலிருந்து. ஜெய்நகர் போகும் ஸ்வதந்திரதா சேனானி புது டெல்லியிலிருந்து. அதே ஜெய்நகருக்குப் போகும் கரீப் ரத் ஆனந்த் விஹாரிலிருந்து, அமிர்தசரஸில் புறப்படும் சரயு யமுனா பழைய டெல்லி வழியாக. போகிற ஊர் ஒன்று, ஏறுகிற இடம் மூன்று.

டிக்கெட்டில் வெறும் 'டெல்லி' என்று இருந்தால் அது பழைய டெல்லி, சுருக்கம் டி.எல்.ஐ. புது டெல்லி என்.டி.எல்.எஸ்., நிஜாமுதீன் என்.இசட்.எம்., ஆனந்த் விஹார் டெர்மினல் ஏ.என்.வி.டி. ஊர்ப் பெயரைப் படிக்காமல் இந்த எழுத்துகளைப் படித்தால் போதும். சராய் ரோஹில்லா, டெல்லி கன்டோன்மென்ட், ஷாதரா என்று இன்னும் மூன்று 'டெல்லி'கள் உண்டு.

அதே நாள், பிற்பகல். நிஜாமுதீனிலிருந்து ஆனந்த் விஹார்

இரண்டே முக்காலுக்கு நிஜாமுதீன். பனி விலகி, வெயில் என்ற பெயரில் மங்கலாக ஏதோ ஒன்று. மூச்சை இழுத்தால் தொண்டையில் புகை கரிக்கிறது.

இந்த ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கம். ஒன்றாம் பிளாட்பாரப் பக்கம்தான் பழைய முகப்பு. ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், கூட்டமும் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். மெட்ரோ இருப்பது எதிர்ப்பக்கம், சராய் காலே கான் பஸ் நிலையத்தை ஒட்டி. நடைமேம்பாலத்தில் ஏறியதும் கூட்டத்தோடு போகாமல் 'சராய் காலே கான்' என்று எழுதியிருக்கும் திசையில் திரும்ப வேண்டும். தப்பான பக்கம் இறங்கிவிட்டால் பெட்டியோடு மறுபடி ஏறி வருவதைத் தவிர வழியில்லை.

போர்ட்டர் இரண்டு பெரிய பெட்டிக்கு 400 கேட்டு 200-க்கு ஒப்புக்கொண்டார். பேசும்போதே "மெட்ரோ ஸ்கேனர் வரைக்கும்" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்கட்டு முடிந்த இடத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டுவார்கள்.

வெளியே, பஸ் நிலையத்துக்குப் போகிற நடைபாதையில் தமிழ்க் குரல் கேட்டது. அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, வாளியில் சாம்பார், நான்கு இட்லி 40 ரூபாய். ஸ்வெட்டருக்கு மேல் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று போட்டிருந்த அம்மா. விழுப்புரம் பக்கம் சொந்த ஊர். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையில் இருந்த மதராஸி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியை 2025 ஜூனில் இடித்தபோது இவருக்கு நரேலாவில் வீடு கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து இங்கே வர 40 கிலோமீட்டருக்கு மேல். "முன்னாடி தலையில வச்சிக்கினு நடந்தே வந்துடுவேன். இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்பு பத்த வைக்கிறேன்" என்றார். சாம்பாரில் டெல்லி வாடையே இல்லை.

மெட்ரோவுக்கு வருவோம். பெட்டியைத் தூக்கி ஸ்கேனர் பட்டையில் வைப்பது நம் வேலை, யாரும் உதவ மாட்டார்கள். ஆளுக்கு 25 கிலோ வரை அனுமதி. எடையைவிட அகலம்தான் சிக்கல்: ஸ்கேனருக்கு முன்னால் கம்பிகளை நட்டு வழியைக் குறுக்கியிருக்கிறார்கள். கயிறு கட்டிய மூட்டையை, அட்டைப் பெட்டியைத் திருப்பி அனுப்புவதைப் பார்க்கலாம். டிக்கெட் எந்திரத்தில் யுபிஐ வேலை செய்கிறது. 2025 ஆகஸ்டில் கட்டணம் ஏறியபின் 5-லிருந்து 12 கிலோமீட்டருக்கு 32 ரூபாய், 12-ஐத் தாண்டி 21 வரை 43. ஞாயிற்றுக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் கொஞ்சம் குறைவு.

பிங்க் லைனில் 'ஷிவ் விஹார்' பக்கம் போகும் வண்டி. முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். ஆண்கள் ஏறினால் 250 ரூபாய் அபராதம் என்பதால் குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டாவது பெட்டிக்கு வந்துவிட வேண்டும். கிளம்பியதும் யமுனையைத் தாண்டும், பிறகு மயூர் விஹார். ஏழாவது நிறுத்தம் ஆனந்த் விஹார், எங்கும் மாற வேண்டியதில்லை. ஓட்டம் 20 நிமிடம்கூட இல்லை. ரயில் பிளாட்பாரத்திலிருந்து மெட்ரோ பிளாட்பாரம் வந்து சேர அதைவிட அதிக நேரம் பிடித்தது. டெல்லியில் எந்த ஸ்டேஷன் மாற்றத்துக்கும் இதே கணக்குதான். வரைபடத்தில் தெரியும் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் ஏமாந்துபோவோம். பாலம், படி, ஸ்கேனர், வரிசை என்று இரண்டு முனையிலும் அரை அரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிங்க் லைனில் 2021 ஆகஸ்ட் வரை திரிலோக்புரி அருகே பாதை அறுபட்டிருந்தது, இந்த வசதி கிடையாது. பழைய குறிப்புகளில் இந்த வழியைப் பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

அதே நாள், இரவு. ஆனந்த் விஹார்

மெட்ரோ, பஸ் நிலையம், ரயில் நிலையம் மூன்றும் ஒட்டியொட்டி இருக்கின்றன. பஸ் நிலையம் பக்கம் இறங்கிவிட்டால் ஏஜென்ட்கள் "கோரக்பூர், கோரக்பூர், சுனௌலி" என்று பையைப் பிடித்து இழுப்பார்கள். தலையை ஆட்டாமல், நிற்காமல் நடப்பதுதான் மருந்து.

ரக்சௌல் வண்டி மாலையில் கிளம்ப வேண்டும். பலகையில் முதலில் இரவு 11 என்று வந்தது. அப்புறம் அதிகாலை 3. காரணம் எளிது. ரக்சௌலிலிருந்து வரும் ஜோடி வண்டியின் பெட்டிகளே இங்கே கழுவித் துடைத்துத் திரும்பிப் போகின்றன. அது வந்து சேராமல் இது கிளம்பாது. ஆகவே நம் வண்டியின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. வருகிற ஜோடி வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அறிவிப்புக்குப் பல மணி நேரம் முன்பே விஷயம் புரிந்துவிடும்.

பணம் திரும்பப் பெறும் விதிகள் இரண்டு. ஒன்று: ஏறும் ஸ்டேஷனில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நாம் போக விரும்பாவிட்டால் முழுத் தொகையும் கிடைக்கும். இ-டிக்கெட் என்றால் வண்டி உண்மையில் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். என்ற பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். கிளம்பியபின் போட்டால் போச்சு. இரண்டு: முதல் வண்டி தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால். இதற்கு இரண்டு டிக்கெட்டையும் இணைப்புப் பயணமாகச் சேர்த்திருக்க வேண்டும். இந்த வசதி 2019 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. பயணிகள் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இறங்கும் ஸ்டேஷனும் ஏறும் ஸ்டேஷனும் ஒன்றாகவோ ரயில்வே ஒரே தொகுதியாக வைத்திருப்பவையாகவோ இருக்க வேண்டும். முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கோர வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பலரும் சென்னை டிக்கெட்டை ஒருவர் பெயரிலும் பீகார் டிக்கெட்டை மருமகன் கணக்கிலும் தனித்தனியாக எடுத்துவிடுகிறார்கள். இரண்டும் இணையவே இல்லை என்பது டெல்லியில்தான் தெரியவரும்.

காத்திருந்த நேரத்துக்கு லிட்டி சோக்கா. வெளியே கரியடுப்பில் சுட்ட உருண்டை, உள்ளே 'சத்து' என்கிற வறுத்த கடலைமாவு. கடைக்காரர் சாம்பலைத் துணியால் தட்டி, கட்டைவிரலால் பிளந்து நெய்க் கிண்ணத்தில் முக்கி எடுத்து, சுட்ட கத்தரிக்காய் மசியலோடு தந்தார். கடுகெண்ணெய் மூக்கில் ஏறும். இரண்டு 40 ரூபாய். 7 டிகிரிக் குளிரில் இதைவிட நல்ல சாப்பாடு அந்த வட்டாரத்தில் கிடைக்காது.

மூன்று மணி என்பது ஐந்தாகும் போலத் தெரிந்ததும் டிக்கெட்டை விட்டுவிட்டு, தங்குவதற்கு கரோல் பாக். ஆனந்த் விஹாரிலிருந்து ப்ளூ லைனில் துவாரகா பக்கம் போகும் வண்டி பிடித்தால் மாறாமல் போகலாம். இரவு பத்தரைக்கு மேல் மெட்ரோவை நம்ப வேண்டாம்.

ஜனவரி 7, புதன். கரோல் பாக், பழைய டெல்லி

கரோல் பாகில் ரூம் 1,800, வெந்நீர் உண்டு, ஹீட்டருக்குத் தனியாக 300. காலையில் பொங்கல் வடை 120 ரூபாய். பரிமாறியவர் தேவகோட்டைக்காரர். "அண்ணே, இன்னொரு கரண்டி வைக்கவா?" என்று கேட்டது சட்னிக்கு.

பத்து மணிக்குத் தட்கல். ஏ.சி. வகுப்புக்குப் பத்து, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் கிடைக்கும். ஓ.டி.பி. வரும் போன் கையில் இருக்க வேண்டும். ரக்சௌல் கிடைக்கவில்லை. மறுநாள் இரவு புது டெல்லியிலிருந்து ஜெய்நகர் போகும் வண்டியில் மூன்றாம் வகுப்பு ஏ.சி. கிடைத்தது. பார்க்கப்போனால் இதுவே நல்ல வழி. ரக்சௌலில் எல்லைக்கு அப்பால் போகப் பயணிகள் ரயில் இல்லை, நேபாளப் பக்கத்து ஊரான பீர்கஞ்சுக்கு ஆட்டோவோ குதிரை வண்டியோதான். ஜெய்நகரில் இறங்கினால் நேபாளத்துக்குள் ரயிலிலேயே போகலாம்.

மதியம் பழைய டெல்லி. புது டெல்லி மெட்ரோவிலிருந்து யெல்லோ லைனில் இரண்டாவது நிறுத்தம், சாந்தினி சௌக். ரயில்வே ஸ்டேஷன் என்று போட்டிருக்கும் வாசல் வழியாக ஏறினால் நேரே வளாகத்துக்கே வந்துவிடலாம். இந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே மட்டும் ஆட்டோவில் ஏறவே கூடாது. தூரம் சொற்பம், ஆனால் அஜ்மீரி கேட்டிலும் சதர் பஜாரிலும் கைவண்டி, ரிக்‌ஷா, சரக்கு டெம்போவுக்கு நடுவே முக்கால் மணி நேரம் போகும்.

கோட்டை மாதிரி சிவந்து நிற்கும் இந்தக் கட்டடம் 1903-ல் வந்தது. அட்டாரி போய் லாகூருக்கு இணைப்புக் கொடுத்த சம்ஜௌதா வண்டி வாரம் இரண்டு முறை இங்கிருந்துதான் கிளம்பிக்கொண்டிருந்தது. 2019 ஆகஸ்டில் நின்றதுதான்.

குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டு தௌலத் கி சாட் சாப்பிடாமல் போகக் கூடாது. பால் நுரையைத் திரட்டி மேலே சர்க்கரைப் பொடி, கோவா, பிஸ்தா தூவி இலைத் தொன்னையில் தருவார்கள், 60 ரூபாய். வாயில் வைத்த கணத்தில் காணாமல் போகிறது. வெயில் ஏறினால் நுரை படிந்துவிடும் என்பதால் இரண்டு மணிக்கே தள்ளுவண்டிக்காரர் துணியை மூடிவிட்டார்.

ஜனவரி 8, வியாழன். புது டெல்லி ஸ்டேஷன்

கரோல் பாகிலிருந்து புது டெல்லிக்கு மெட்ரோ வரைபடம் காட்டும் வழி ராஜீவ் சௌக்கில் மாறுவது. மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை பெட்டியோடு அங்கே மாறுவது தண்டனை. அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் ராமகிருஷ்ணா ஆஸ்ரம் மார்க்கில் இறங்கி, இ-ரிக்‌ஷாவில் பஹார்கஞ்ச் வழியாக ஒன்றாம் பிளாட்பாரப் பக்கம் போய்விடலாம். தனி வண்டியாகப் பேசினால் 60, பகிர்ந்தால் 20.

ஆனந்த் விஹாருக்கு இங்கிருந்து போகிறவர்களுக்கு நேர் வழி ராஜீவ் சௌக்தான். யெல்லோ லைனில் ஒரு நிறுத்தம், பிறகு ப்ளூ லைன். ப்ளூ லைன் யமுனா பேங்க்கில் இரண்டாகப் பிரிகிறது. 'வைஷாலி' என்று போட்ட வண்டி வேண்டும். நொய்டா வண்டியில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம், யமுனா பேங்க்கில் இறங்கி அடுத்த வைஷாலி வண்டியைப் பிடிக்கலாம்.

புது டெல்லியில் பதினாறு பிளாட்பாரம். ஒன்று பஹார்கஞ்ச் பக்கம், பதினாறு அஜ்மீரி கேட் பக்கம். மெட்ரோவும், விமான நிலையத்துக்கு 20 நிமிடத்தில் போகும் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸும் அஜ்மீரி கேட் பக்கம். எந்த வாசலுக்குப் போவது என்று முடிவெடுக்கும் முன் பிளாட்பார எண் வந்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது. பகலில் சுற்ற வேண்டுமானால் பெட்டிகளை க்ளோக் ரூமில் போடலாம். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பூட்டு மறந்தவர்களுக்காகவே வெளியே ஒருவர் 80 ரூபாய்க்குச் சங்கிலிப் பூட்டு விற்கிறார்.

வாசலில் நல்ல சட்டை போட்ட ஆள் வந்து "உங்கள் வண்டி ரத்து, ஆபீஸ் கன்னாட் பிளேஸுக்கு மாறிவிட்டது, வாருங்கள்" என்பான். டிக்கெட்டை அவன் கையில் கொடுக்கவே கூடாது. முதல் மாடியில் இருக்கும் வெளிநாட்டுப் பயணிகள் கவுன்ட்டரைத் தேடி வருகிறவர்களிடம் இதே கதையைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

படிக்கட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளா கூட்டத்தில், இந்த ஸ்டேஷன் படிக்கட்டு நெரிசலில் 18 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு அஜ்மீரி கேட் பக்கம் பயணிகள் காத்திருக்கப் பெரிய கூடம் கட்டியிருக்கிறார்கள். பிளாட்பாரம் மாறியதாக ஒலிபெருக்கியில் கேட்டதும் ஓடாதீர்கள். எண்ணைப் பலகையில் ஒருமுறை பார்த்து, கூட்டம் முதலில் இறங்கட்டும் என்று ஓரமாக நின்று, பிறகு நடந்தாலும் வண்டி கிடைக்கும். நீள வண்டிகள் அவ்வளவு சீக்கிரம் கிளம்பிவிடுவதில்லை.

இரவு வண்டி ஒன்றரை மணி நேரம்தான் தாமதம். பனிக்காலத்தில் இதை யாரும் தாமதமாகவே கணக்கில் எடுப்பதில்லை.

ஜனவரி 10, சனி. ஜெய்நகர், ஜனக்பூர்

முந்தின இரவே ஜெய்நகர் வந்தாயிற்று. நேபாள ரயிலுக்கு இந்திய ஸ்டேஷனை ஒட்டியே தனி ஸ்டேஷன், தனி கவுன்ட்டர். வரிசையில் அடையாள அட்டை கேட்கிறார்கள். இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதார், 15 வயதுக்குக் கீழே, 65-க்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும்தான். முன்னால் நின்ற கோயம்புத்தூர் குடும்பத்தில் தாத்தாவின் ஆதார் செல்லுபடியானது, பேரனுடையதும் ஆனது. நடுவில் இருந்த அப்பாவினுடையது ஆகவில்லை. நல்லவேளையாக அவர் மனைவி வீட்டு வாக்காளர் அட்டைகள் எல்லாவற்றையும் மஞ்சள்பையில் சுருட்டி எடுத்துவந்திருந்தார். மூன்றாம் நாட்டவருக்கு இந்த ரயிலில் இடமில்லை.

வண்டியில் ஏறினால் பெரம்பூர் ஐ.சி.எஃப். செய்த பெட்டிகள். ஐந்து பெட்டி கொண்ட டீசல் வண்டிகள் இரண்டு 2020-ல் கொங்கண் ரயில்வே மூலம் நேபாளத்துக்குப் போயின. பயணிகள் ஓட்டம் தொடங்கியது 2022 ஏப்ரலில். கடுகு வயல், மூங்கில் வேலி, பனியில் மறையும் சைக்கிள்கள். வேகம் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஜனக்பூரில் மணி நம்மைவிட 15 நிமிடம் முன்னால். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். கடைக்காரர்கள் எந்த ரூபாயில் விலை சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட வேண்டும், ஐ.சி. என்றால் இந்திய ரூபாய். 100 ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோவது நல்லது, பெரிய நோட்டைப் பார்த்தால் கையை விரிக்கிறார்கள். சில கடைகளில் நம் யுபிஐ வேலை செய்கிறது, ஆனால் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்த கடையில் இல்லை. டீ 25 நேபாள ரூபாய், இஞ்சி தாராளம்.

திரும்பும் டிக்கெட் ஆனந்த் விஹாரில் இறங்குகிற மாதிரியும், சென்னை வண்டி நிஜாமுதீனிலிருந்து மறுநாள் கிளம்புகிற மாதிரியும் போட்டிருக்கிறது. நடுவில் ஓர் இரவு. குடியரசு தின ஒத்திகைக்காகச் சாலைகளை மூட ஆரம்பிக்கும் முன் டெல்லியைத் தாண்டிவிடலாம்.